ஃப்ரீலான்சர்

யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், வேலைக்கு வேலை கூலி பேசிக்கொள்பவர். லோகோ வரைபவர், விளம்பர வாசகம் எழுதுபவர், வாடிக்கையாளருக்கு நேரடியாக அஞ்சல் அனுப்பி விற்றுத் தருபவர் என விளம்பரத் துறையில் இவர்கள் ஏராளம்.

சொல்லில் இருப்பது போர்க்களத்தின் படிமம். 'லான்ஸ்' என்பது குதிரைவீரனின் நீண்ட ஈட்டி. 'ஃப்ரீ' இங்கே எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாததைக் குறிக்கும். வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலில், டி பிரேசி என்ற வீரன் தன் கூலிப்படையை 'ஃப்ரீ லான்ஸ்' என்றுதான் சொல்கிறான். சொல்லைப் பரப்பியது அந்த நாவல்தான். பிறகு கட்சி சாராத அரசியல்வாதிக்கும், பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுப்பவருக்கும் அது வழங்கியது.

ஆக, இலவசம் என்ற பொருள் இதில் துளியும் இல்லை. 'சும்மா ஒரு சாம்பிள் லோகோ போட்டுக் காட்டுங்க, பிடிச்சா பார்க்கலாம்' என்பவரிடம் முன்பணம் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

தமிழில் சிலர் 'பகுதிநேரப் பணியாளர்' என்கிறார்கள். அது தவறு, முழுநேரமும் இதையே செய்து குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். இலங்கைப் பத்திரிகைகளில் 'சுயாதீன ஊடகவியலாளர்' என்ற வழக்கு உண்டு. 'சுயாதீன வடிவமைப்பாளர்' என்றும் தாராளமாக எழுதலாம்.