பெயர்த்தெடுத்த கல்லும் சூடேறிய கடலும்: மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளின் அரை நூற்றாண்டு

மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் அழிவதற்குக் கடல் சூடேறுவதே காரணம் என்ற விளக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது வரலாற்றின் பிற்பகுதி மட்டுமே. வெப்பம் தாக்குவதற்கு முன்பே அந்தத் திட்டுகளின் அடித்தளத்தை மனிதக் கை பெயர்த்துவிட்டது. இன்று எந்தத் திட்டு மீள்கிறது, எது மீளாமல் கிடக்கிறது என்பதில் அந்தப் பழைய சேதத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடந்த 21 தீவுகளைச் சுற்றித்தான் இந்தத் திட்டுகள் வளர்ந்தன. முருகைக்கல் எனப்படும் பவளக்கல்லை வெட்டிச் சுவர் எழுப்புவதும், காளவாசலில் இட்டுச் சுண்ணாம்பாக்குவதும் இக்கரையில் பழைய வழக்கம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களிலும் அந்தக் கல்லைக் காணலாம். ஊர்த் தேவைக்கு எடுத்த காலத்தில் கடல் அதைத் தாங்கியிருக்கக்கூடும். இருபதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சூளைகளுக்கும் கால்சியம் கார்பைடு தயாரிப்புக்கும் கட்டடங்களுக்கும் கல் தேவைப்பட்டபோதுதான் அளவு கைமீறியது. 1969 ஜனவரியில் பவளத்திட்டுகள் பற்றிய முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு மண்டபம் முகாமில் கூடியது. உலக அறிஞர்கள் அங்கே பவளத்தின் வாழ்வை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே கடலில் வள்ளம் வள்ளமாகக் கல் கரையேறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1972-இல் பதிவு செய்த மதிப்பீட்டின்படி, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆண்டுக்குச் சுமார் 60,000 கனமீட்டர் பவளக்கல் எடுக்கப்பட்டது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்ட பின்னரும் தூத்துக்குடிப் பக்கம் அது ஓயவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகே கல்லெடுப்பு நடைமுறையில் நின்றது.

கல்லெடுப்பின் கேட்டை வெப்பத்தின் கேட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளப்பூச்சி தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கிறது. சில வாரங்களில் சூடு தணிந்தால் அது பிழைக்கும். பிழைக்காவிட்டாலும் அதன் சுண்ணாம்புக் கூடு அங்கேயே நிற்கும். அடுத்த தலைமுறை இளம்புழு அந்தக் கூட்டைப் பற்றிக்கொண்டு வளரலாம். கல்லையே பெயர்த்துவிட்டால் மிஞ்சுவது புரளும் மணல். அதில் எந்த இளம்புழுவும் ஊன்ற முடியாது. அலையைத் தடுக்கவும் அங்கே எதுவும் இருக்காது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு அரித்து அரித்துச் சுருங்கியது. 2015-இல் தொடங்கி அதன் முன்பாகச் செயற்கைத் திட்டுகளை இறக்கவேண்டி வந்தது. இயற்கை இலவசமாகக் கட்டித்தந்த அரணைப் பெயர்த்துவிட்டு, அதற்கு ஈடாகச் சிமெண்டுக் கட்டுமானத்தைக் கடலில் போடுகிறோம்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். உலகமே சூடேறும்போது உள்ளூர்ப் பாதுகாப்பால் என்ன பயன்? தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடர் கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. கல்லெடுப்பு நின்ற 2005-இல் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 37 விழுக்காடு. 2009-இல் அது 43-ஐ நெருங்கியது. 2010-இன் வெளுப்பு அதை 33-க்கு இறக்கியது. ஆனாலும் 2016-க்குள் மறுபடி 39 வரை ஏறியது. அவ்வாண்டின் கடும் வெளுப்பு 23-க்குக் கொண்டுவந்துவிட்டது. கிளைவிட்டு வேகமாக வளரும் இனங்களே அதிகம் மடிந்தன. உருண்டு திரண்ட பாறைப்பவளங்கள் பெரிதும் தாங்கின. இந்த ஏற்றத்துக்குக் கல்லெடுப்பு நின்றது மட்டுமே காரணம் என்று சாதிக்க முடியாது. ஆனால் கடலின் சூடு குறையாத ஆண்டுகளிலேயே பரப்பு இருமுறை ஏறியிருக்கிறது என்பதை மறுக்கவும் முடியாது. வெளுப்பு அடுத்தடுத்து வரும் காலத்தில், இடைப்பட்ட சில ஆண்டுகளில் திட்டு தேறுமா என்பதே உயிர்ப் பிரச்சினை. சேறு, கழிவுநீர், இழுவைமடி, குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாபைகஸ் என்ற அயல் பாசி ஆகியவை அந்த அவகாசத்தைத்தான் தின்கின்றன.

மற்றொரு பேச்சு, எல்லாப் பழியையும் மீனவர் தலையில் கட்டுவது. மூழ்கிக் கல் எடுத்தவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள்; அந்தக் கல்லை விலை கொடுத்து வாங்கிய சந்தை உள்நாட்டில் இருந்தது. இன்றும் கடலின் சுமை கரையில் மட்டும் பிறப்பதில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்து நீர் நிட்சேப நதி வழியாக வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆற்றுப்படுகையில் மணல் அள்ளினாலும், ஊர்க்கழிவைத் திறந்துவிட்டாலும், அவற்றின் ஒரு பங்கு மழைவெள்ளத்தோடு அந்தக் கடலுக்குப் போகும். தேசியப் பூங்காவின் எல்லை தீவுகளைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டரோடு முடிகிறது. ஆற்றுக்கு அந்த எல்லை கிடையாது. ஆகவே தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்ட நிர்வாகங்கள் வைப்பாற்றுப் படுகையையும் அது சேரும் கடலையும் ஒரே திட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும். அடுத்த வெளுப்பு வருவதற்குள் அதைத் தொடங்க வேண்டும்.