நியாயமற்ற ஒப்பந்தம் (இந்தியா)

பேரம் பேசும் வலிமையில் ஏற்றத்தாழ்வுள்ள இருவரிடையே, ஒருவர் பக்கமே சாய்ந்த நிபந்தனைகளோடு உருவாகும் உடன்படிக்கை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு கிடையாது. 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவர் மனமொப்பி 10 ரூபாய்க்கு விற்றாலும் விற்றது விற்றதுதான் என்கிறது 25-ஆவது பிரிவின் எடுத்துக்காட்டு. விலை எவ்வளவு என்று அச்சட்டம் கேட்பதில்லை; சம்மதம் எப்படி வந்தது என்றே கேட்கும்.

1899-இல், தகாத செல்வாக்கால் பெறும் சம்மதத்தைப் பற்றிய 16-ஆவது பிரிவு திருத்தப்பட்டபோது இரண்டு எடுத்துக்காட்டுகள் அடுத்தடுத்து இடம்பெற்றன. ஊர் வட்டிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்டவர் அடாத நிபந்தனையில் மறுபடி கடன் வாங்கினால், தாம் நெருக்கவில்லை என்பதை வட்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். பணமுடைக் காலத்தில் வங்கி கூடுதல் வட்டி கேட்டாலோ, அது வழக்கமான வியாபாரம்.

இவ்விரண்டையும் பிரிக்கும் கோட்டை நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராகப் பிடித்தன என்பதற்கு ரகுநாத் பிரசாத் வழக்கு (1924) சான்று. தந்தை தொடுத்த குற்றவழக்கிலிருந்து மீள மகன் வாங்கிய ஏறத்தாழ 10,000 ரூபாய், 24 விழுக்காடு கூட்டுவட்டியில் 11 ஆண்டுகளில் லட்சத்தைத் தாண்டியது. கடன் கொடுத்தவர் அவர்மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருந்ததாகக் காட்டப்படவில்லை என்று அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் கைவிரித்தது. அவசரத்தில் தவிப்பவனைவிட எளிதில் ஆதிக்கத்துக்கு உட்படுபவர் யார் என்று தீர்ப்பைப் படிப்பவருக்குத் தோன்றாமல் இராது.

அச்சடித்த நிபந்தனைகள் பெருகியபின் நீதிமன்றங்கள் பொதுநலக் கொள்கையைச் சொல்லும் 23-ஆவது பிரிவின் பக்கம் திரும்பின. புதுச் சேலையைத் தொலைத்த சலவைக்கடை, ரசீதின் நிபந்தனையைக் காட்டி விலையில் சிறு பங்கை மட்டுமே தர முன்வந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியரை மூன்று மாத அறிவிப்பில் காரணமின்றி நீக்கலாம் என்ற அரசு நிறுவன விதியைச் செல்லாததாக்கியது. வலிமையில் நிகரான வணிகர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் அத்தீர்ப்பு வரம்பு கட்டியது.

நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிச் சட்ட ஆணையம் 1984-இலும் 2006-இலும் தந்த பரிந்துரைகள் சட்டமாகவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு முதன்முறையாக வரையறை தந்தது. ஆனால் அத்தகைய நிபந்தனையைச் செல்லாததாக அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்களுக்கே உண்டு. மக்கள் முதலில் படியேறும் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை.