சித்திரப் பாடமும் தையல் ஊசியும்: மாதங்கி அருட்பிரகாசத்தின் வரைகலை

யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் முதற் பட்டதாரி யார், முதல் மருத்துவர் யார் என்று எண்ணிக்கொண்டு போவதே வழமை. ஆனால் அந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஊசியும் நூலும் இருந்தன. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது வாசிப்பு, எழுத்து என்பவற்றோடு தையலும் கற்பித்தார்கள். பின்வந்த பெண்கள் பாடசாலைகள் எல்லாவற்றிலும் தையலுக்கு ஓர் இடம் இருந்தது. சித்திரத்துக்கும் ஓர் இடம் வந்தது. காலப்போக்கில் இரண்டும் பின்வாங்குக்குப் போய்விட்டன. கணிதமும் விஞ்ஞானமும் ஓடாத பிள்ளைக்கே சித்திரம் என்ற பேச்சைக் கேட்காமல் இங்கு வளர்ந்தவர்கள் சிலரே.

நூற்றாண்டு மலரில் நம் கல்வியைப் பற்றிப் பெருமை கொள்ளும் இவ்வேளையில், அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க ஒரு வாழ்க்கை நம் முன் இருக்கிறது. உலகம் எம்.ஐ.ஏ. என்ற பாடகியாக அறிந்திருக்கும் மாதங்கி அருட்பிரகாசத்தின் வாழ்க்கை அது. வீட்டார் அழைத்த பெயர் மாயா. பாடகியாவதற்கு முன்னர் அவர் படம் வரைபவராகவும் வரைகலைஞராகவும் இருந்தார் என்பதும், அந்த வரைகலையின் வேர்கள் யாழ்ப்பாணத்து வகுப்பறை ஒன்றிலும் ஒரு தாயின் தையலிலும் இருந்தன என்பதும் நம்மில் பலர் கவனியாத செய்திகள்.

1975 ஜூலை 18இல் லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தவர் அவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் குடும்பம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. தந்தை, 'லங்கா ராணி' நாவலை எழுதிய அருளர். ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களுள் ஒருவர். அவர் பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை. பிள்ளைகளை வளர்த்தவர் தாய் கலா. யாழ் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் மாயா படித்தார். படம் வரையும் திறமையைக் கொண்டே வகுப்பில் முன்னுக்கு வந்ததாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே பதுங்கப் பழகிய பாடசாலைக் காலத்தைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டுகளில் இங்கு படித்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

இடையில் சிறிது காலம் சென்னையில் வாழ்ந்துவிட்டுக் குடும்பம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். தென் லண்டனின் மிச்சம் பகுதியில் அரசாங்கத் தொடர்மாடி வீடொன்று கிடைத்தது. மாயாவுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. ஆங்கிலம் மிகக் குறைவு. மொழி தெரியாத வகுப்பில் மொழிபெயர்ப்பு வேண்டாத பாடம் சித்திரம் ஒன்றுதான். புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு முதலில் கைகொடுத்த பாடமும் அதுவே. வீட்டு வானொலி களவு போனபின் அயல்வீட்டிலிருந்து கேட்ட ஹிப் ஹொப் இசை அவரது பொழுதுபோக்காயிற்று. அந்தப் பொழுதுபோக்குத்தான் பின்னாளில் தொழிலானது.

லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் காணொளிக் கலையும் படித்து 2000ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வெளிவந்த எலாஸ்டிக்கா இசைக்குழுவின் 'தி மெனஸ்' இசைத்தட்டுக்கு அட்டைப்படம் அமைத்துக் கொடுத்தார். அக்குழுவின் இசைப் பயணத்தைப் படம்பிடிக்கவும் கூடப் போனார். அந்தப் பயணத்தில்தான் ரோலண்ட் நிறுவனத்தின் தாளக் கருவியொன்றை இயக்கப் பழகினார்.

2001இல் லண்டன் போர்ட்டபெல்லோ வீதியிலுள்ள கடையொன்றில் அவரது முதற் கண்காட்சி நடந்தது. துணித்திரைகளில் ஸ்டென்சில் வைத்து, விசிறும் வண்ணத்தால் அடித்த படங்கள் அவை. ஈழத்துத் தெருச் சுவர்களின் அரசியல் உருவங்களும் லண்டன் கடைத்தெருவின் உருவங்களும் ஒரே திரையில் பளிச்சென்ற நிறங்களில் வந்தன. மாற்று டர்னர் பரிசுக்கு அக்கண்காட்சி பரிந்துரைக்கப்பட்டது. நடிகர் ஜூட் லோ படம் வாங்கினார். 2002இல் அந்தப் படங்கள் நூலாகவும் வந்தன.

ஸ்டென்சில் என்றவுடன் நம் தலைமுறைக்கு நினைவு வருவது றோணியோ இயந்திரம். மெழுகு பூசிய தாளில் எழுத்தாணியால் கீறினால் அந்த இடத்தில் மெழுகு விலகும். விலகிய வழியால் மை இறங்கிக் கீழேயுள்ள கடதாசியில் பதியும். தவணைப் பரீட்சை வினாத்தாள்களும் சங்கச் சுற்றறிக்கைகளும் அப்படித்தான் நம் கைக்கு வந்தன. தையல் வகுப்பிலும் இதே முறை வேறு வடிவில் இருந்தது. பூவேலை மாதிரியை மெல்லிய தாளில் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியின் மேல் தேய்த்தால் மாதிரி துணியில் இறங்கிவிடும். மட்டையை வெட்டி, வெட்டிய இடைவெளியால் வண்ணத்தை விசிறுவது இவற்றின் இன்னொரு வடிவமே. ஒரு முறை வெட்டினால் நூறு முறை பதிக்கலாம். பெரிய அச்சகமும் பணமும் தேவையில்லை. சுவரில் எழுத வேண்டியவர்களுக்கும் கையில் காசில்லாத கலைஞருக்கும் இது ஏற்ற முறையானதன் காரணம் அதுதான்.

எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். போர்க்காலத்தில் காணாமற்போன உறவினர் ஒருவரைப் பற்றிய தேடலோடு அப்பெயரை அவர் தொடர்புபடுத்திப் பேசியிருக்கிறார். 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும், 2010இல் வந்த மூன்றாவதற்குத் தன் பெயரான 'மாயா' என்பதையும் இட்டார். 'அருளர்' அட்டையில் கண்காட்சிக் காலத்து ஸ்டென்சில் உருவங்கள் மீண்டும் வந்தன. 'மாயா' அட்டையில் யூடியூப் காணொளியின் ஓட்டப் பட்டைகள் முகத்தை ஏறக்குறைய முழுதாக மறைத்தன. லண்டன் சந்தைகளில் விற்கும் வெர்சாச்சே போலி உடுப்புகளின் கோலங்களை எடுத்து, அதே வெர்சாச்சே நிறுவனத்துக்கு 2013இல் உடைகள் வடிவமைத்தார். கடைத்தெரு, மலிவுத் துணி, தொலைக்காட்சி, கையில் எப்போதும் இருந்த காணொளிக் கருவி என்பனவே அவருக்கு உருவங்களைக் கொடுத்தன.

இந்தப் படங்களை எல்லோரும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. புலி உருவங்களையும் ஆயுதங்களையும் கண்கவர் நிறத்தில் பதித்து வன்முறையை அழகுபடுத்திவிட்டார் என்ற கண்டனம் இலங்கையிலும் வெளியிலும் எழுந்தது. உலகம் பாராமல் இருந்த துன்பத்தைப் பார்க்க வைத்தார் என்று நன்றி சொன்னவர்களும் உண்டு. போருக்குள் வாழ்ந்து பிள்ளைகளை இழந்த ஒரு தாய்க்கு அந்த உருவங்கள் சுவர் அலங்காரமாக இருக்க முடியாது. பதினொரு வயதில் நாட்டைவிட்டுப் போன பிள்ளைக்கு அவை நினைவில் எஞ்சிய ஊரின் துண்டுகள். இரண்டும் உண்மை. ஓர் உருவம் அதைப் பதித்தவரின் கையை விட்டுப் போனபின் யாருக்கு என்ன செய்யும் என்ற இந்தக் கேள்வியும் சித்திரக் கல்வியின் ஒரு பகுதிதான். தூரிகை பிடிக்கப் பழக்கும் நாம் அதையும் வகுப்பில் பேச வேண்டும்.

இனித் தாயின் ஊசிக்கு வருவோம். 1986இல் லண்டனில் இறங்கிய கலாவுக்கு, ஆங்கிலம் பேசாமல் செய்யக்கூடியதாகக் கிடைத்த வேலைகளில் ஒன்று தையல். பிரித்தானிய அரச விருதுப் பதக்கங்களுக்குக் கையால் தைக்கும் வேலை அது. 2019இல் மகளுக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் அதை வழங்கினார். தாயும் உறவினர் ஒருவரும் முப்பத்துமூன்று ஆண்டுகளாக இந்தப் பதக்கங்களைத் தைத்து வந்தவர்கள் என்றும், தாயைக் கனம் பண்ணுவதற்காகவே விருதை ஏற்பதாகவும் மாயா பகிரங்கமாக அறிவித்தார். குறைந்தபட்சக் கூலிக்குத் தைத்த கை யாருடையது என்று பதக்கத்தில் எழுதப்படுவதில்லை. மகள் சொன்னபடியால்தான் உலகம் அறிந்தது.

நமது சங்கத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி மண்டபத்தில் வெற்றிக் கிண்ணங்களுக்குக் கண்ணாடி அலுமாரி உண்டு. பட்டதாரிகளின் பெயர்ப் பலகை உண்டு. பரிசளிப்பு விழாத் திரைகளை வரைந்தவர்கள், இல்லக் கொடிகளைத் தைத்தவர்கள், பழைய மலர்களுக்கு அட்டைப்படம் கீறியவர்கள் யார் என்ற பட்டியல் எங்கும் இல்லை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ சித்திரக் கொப்பிகளும் பூவேலைத் துண்டுகளும் தொலைந்துபோயின. எஞ்சியவை கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவிகளின் பெட்டிகளுக்குள் கிடக்கக்கூடும். அவற்றைச் செய்தவரின் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவற்றோடு படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தால் கல்லூரி நூலகத்தில் ஒரு தொகுப்பாகச் சேர்த்து வைக்கலாம். பெயர் நினைவில்லாவிட்டால் வகுப்புத் தோழிகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் ஒருத்திக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.