தடிமன் என்று விட்டுவிடும் ஒவ்வாமை

அக்கரப்பத்தனையில் சாதாரண தர மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். தென்மேல் பருவமழை தொடங்கினால் வகுப்பில் தும்மல் ஓயாது. கேட்டால் "தடிமன் சேர்" என்பார்கள். தடிமன் என்றால் ஒரு கிழமை, பத்து நாளில் மாற வேண்டும். காய்ச்சல் இல்லாமல் தொடர் தும்மல், தெளிந்த நீராக மூக்கொழுகல், கண் அரிப்பு, மூக்கடைப்பு எல்லாம் மாதக்கணக்கில் நீடித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமைதான்.

நமது பகுதியில் இதற்கு வசதியான இடம் படுக்கை. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கின்றன. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் காயவே காயாத கம்பளி, பஞ்சுத் தலையணை, பூஞ்சணம் பிடித்த லயன் அறைச் சுவர் என்றால் கேட்கவா வேண்டும்? விறகடுப்புப் புகை ஏற்கெனவே புண்பட்ட மூக்கை இன்னும் எரிச்சலூட்டும்.

இது உயிரை எடுக்காது, உண்மைதான். ஆனால் அந்த வயதில் எதைப் பறிக்கிறது என்று பார்க்க வேண்டும். 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தை ஒவ்வாமை எப்படிப் பாதிக்கிறது என்று அளப்பதற்கென்றே 1994 இல் கனடாவில் ஒரு வினாக்கொத்து தயாரிக்கப்பட்டது. அதற்காகப் பேசிய பிள்ளைகள் முக்கியமாக முறையிட்டது பாடத்தில் மனம் ஒன்றவில்லை என்பதைத்தான். எந்நேரமும் கைக்குட்டையோடு திரியும் வெட்கத்தை நான் என் வகுப்பிலேயே காண்கிறேன். மூக்கைச் சிந்தினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று கடைசி வாங்கில் போய் உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் 15 முதல் 17 வயது வரையான 1,834 மாணவர்களிடம் செய்த ஆய்வு 2007 இல் வெளியானது. அங்கே காரணம் புல்லின் மகரந்தம். ஒவ்வாமை அறிகுறிகளோடு பரீட்சை எழுதியவர்கள், மாதிரிப் பரீட்சையில் எடுத்த தரத்தை இறுதிப் பரீட்சையில் இழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரை எடுத்தவர்களுக்கோ அது 70 சதவீதம்.

இந்தக் கணக்கைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது ஒரு மாணவி. வகுப்பில் எப்போதும் தூங்கி வழிவார். சோம்பேறி என்று நானும் ஒருநாள் ஏசிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தினமும் காலையில் உம்மா குளோர்பெனிரமின் குளிசை கொடுத்து அனுப்புகிறார் என்று. மலிவான, பழைய மருந்து; மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே மூளையையும் மந்தமாக்கும். லொராட்டடின், செட்டிரிசின் போன்றவை அந்தளவு தூக்கம் தருவதில்லை (செட்டிரிசின் சிலருக்குக் கொஞ்சம் தரும்). எது பொருத்தம் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நாட்பட்ட மூக்கடைப்புக்கு வைத்தியர்கள் மூக்கினுள் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே தருவார்கள். முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சிலவேளை கிழமைகள்கூட ஆகும். பரீட்சைக்கு முதல்நாள் ஆரம்பிப்பதில் பயனில்லை. கம்பளியையும் தலையணை உறையையும் வெயில் கிடைக்கும் நாளில் நன்றாகக் காயப் போடுங்கள். உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுநீரில் கழுவுவது நல்லது. 60 பாகை செல்சியஸ் சூட்டில் தூசிப் பூச்சி சாகும்.

இரவில் இருமலோ மூச்சு இழுப்போ இருந்தால் தொய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கொவ்வாமையும் தொய்வும் பல நேரம் சேர்ந்தே வரும். தேயிலைத் தூசியால் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு வரும் தொய்வை நமது நாட்டு வைத்தியர் சி. ஜி. உரகொட 1970 இலேயே எழுதிவிட்டார். தொழிற்சாலை உடுப்போடு வீட்டுக்கு வருபவர்கள் அதை அறைக்கு வெளியே உதறி மாற்றுவது பிள்ளைக்கும் நல்லது.

நோன்பு காலத்தில் பல பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமலே இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள். தினமும் இருவேளை எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஸஹரிலும் இப்தாரிலும் எடுக்கலாம். பகலில் மூச்சு முட்டினால் உடனே நிவாரண இன்ஹேலரை எடுக்க வேண்டும். நோன்பு முறிந்ததா என்பதைப் பிறகு ஆலிமிடம் கேட்கலாம், முறிந்திருந்தால் கழாச் செய்யலாம்.