பாற்பல்லும் அரசும்: நியூசிலாந்தின் பாடசாலைப் பற்சேவை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விழுந்துவிடப் போகும் ஒரு பல்லுக்காக அரசொன்று ஏன் பணம் செலவிடல் வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படவே இல்லை எனலாம். பாற்பல் தற்காலிகமானது, அது போனால் இன்னொன்று வரும் என்ற எண்ணம் சாதாரண மக்களிடத்து மட்டுமன்றி வைத்தியர் பலரிடத்தும் வேரூன்றியிருந்தது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கும் எமது வழக்கமும் அந்நம்பிக்கையின் இனிய வடிவமே. பாற்பல் பொதுச் சுகாதாரத்துக்குரிய பொருளாக மாறிய வரலாற்றை மருத்துவ அறிவின் வளர்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது. மலிந்த சீனி, போர், பெண்களின் குறைந்த ஊதிய உழைப்பு ஆகிய மூன்றும் அதனுட் பின்னிக் கிடக்கின்றன. இப்பின்னலைத் தெளிவாகக் காட்டும் நாடு நியூசிலாந்து.

வரலாற்றுக்குள் நுழையுமுன் உடலியல் உண்மை சிலவற்றை மனங்கொள்ளல் தகும். பாற்பற்கள் இருபது. ஆறாம் மாதமளவில் முளைக்கத் தொடங்கி இரண்டரை வயதளவில் அவை நிறைவுறுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கினும், கடைவாய்ப் பாற்பற்கள் பத்து முதற் பன்னிரண்டு வயதுவரை வாயில் நின்று தொழிற்படுகின்றன. தற்காலிகம் என நாம் தள்ளிவிடும் பொருள் ஒரு பிள்ளையின் பாலப் பருவம் முழுவதையும் தழுவி நிற்கின்றது! இவற்றின் மிளிரி நிரந்தரப் பல்லினதைவிட மெல்லியது. ஆதலால் சூத்தை விரைவில் உட்கூழை எட்டும். வேரடியிற் சீழ் கட்டின், அதன்கீழ் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மிளிரியும் பழுதுறக்கூடும். கடைவாய்ப் பாற்பல் காலத்துக்கு முன் பிடுங்கப்படின், ஆறு வயதளவில் அதன் பின்னே முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சரிந்து, பின்னர் வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துவிடும். இந்த ஆறு வயதுப் பல் எப்பல்லும் விழாமலே முளைப்பதாற் பெற்றோர் பலர் அதனையும் பாற்பல்லென்றே எண்ணிவிடுவர். 'எப்படியும் விழும்' என்ற அலட்சியம் ஒருபோதும் மீள முளைக்காத பல்லையும் இவ்வாறு பலிகொள்கின்றது. மேலும், பாற்பற்களிற் சூத்தையுடைய பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்களிலும் சூத்தை தோன்றும் வாய்ப்பு அதிகம். உணவுப் பழக்கமும் வாயின் நுண்ணுயிர்ச் சூழலும் பல்லோடு விழுந்துவிடுவதில்லை.

பிரித்தானியாவிற் சீனி மீதான இறக்குமதி வரி 1874இல் முற்றாக நீக்கப்பட்டது. முன்னர் அடிமைகளின் உழைப்பாலும், பின்னர் ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பாலும் விளைந்த சீனி, தேநீரிலும் ஜாம் பூசிய பாணிலும் கலந்து தொழிலாளர் குடும்பத்தின் அன்றாட உணவாயிற்று. 1885இல் டண்டீ நகரப் பல் வைத்தியரான வில்லியம் பிஷர், பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனித்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டுமென வாதிட்டார். சணலுக்கும் ஜாமுக்கும் பேர்போன நகரிலிருந்து இக்குரல் எழுந்தமை தற்செயலே ஆயினும் சிந்திக்கத்தக்கது. அரசின் செவியில் அது ஏறவில்லை. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாபிரிக்கப் போருக்கு ஆட்சேர்த்தபோது, பற்கள் கெட்டிருந்தமையாற் பெருந்தொகையினர் தகுதியற்றோராயினர். பாடசாலைகளில் மருத்துவப் பரிசோதனையை ஏற்படுத்திய 1907ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பின்னரே வந்தது. ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ட் யெசன் 1902இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிற் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையமொன்றை ஏற்கெனவே நிறுவியிருந்தார்.

நியூசிலாந்தின் அனுபவம் இதே வழியிற் சென்று, பின் வேறொரு திசையிற் திரும்பியது. அந்நாட்டுப் பல் வைத்தியர் சங்கம் 1905இல் தோன்றிய காலந்தொட்டே பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரச சிகிச்சை வேண்டுமென்ற கருத்து நிலவியது; செலவைக் காட்டி அரசு பின்னின்றது. முதலாம் உலக மகா யுத்தத்திற்குத் திரட்டப்பட்ட இளைஞரின் வாய்கள் அந்த நியாயத்தைப் பொய்ப்பித்தன. படையினரின் பற்களைச் செப்பனிடவென 1915இல் நியூசிலாந்துப் பல் வைத்தியப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிய தோமஸ் ஹன்ரர், இருபது வயதிற் செய்யும் பணி ஆறு வயதிற் செய்திருக்க வேண்டியது என்ற முடிவுக்கு வந்தவர். போரின் பின் சுகாதாரத் திணைக்களத்தின் பற்சுகாதாரப் பிரிவுக்கு அவரே பணிப்பாளரானார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் போதிய பல் வைத்தியர் இல்லை. பல் வைத்தியருக்கோ பிள்ளைகளின் வாய் இலாபந் தரும் களமாகவும் இல்லை. ஹன்ரர் கண்ட தீர்வு இளம் பெண்கள். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அல்பிரட் போன்ஸ் பயிற்றிய பெண்கள் பாடசாலைகளிற் பல் துலக்கக் கற்பித்தனர், பற்களைச் சுத்தஞ் செய்தனர். அதற்கு மேற் செல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. நியூசிலாந்து அவ்வெல்லையைத் தாண்டிற்று. 1921இல் வெலிங்டனில் முப்பதையொட்டிய பெண்கள் இரண்டாண்டுப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டனர். பற்குழியைத் துளைத்து நிரப்பவும் பாற்பல்லைப் பிடுங்கவும் அவர்கள் கற்றனர். பாடசாலை வளவிலேயே சிறு சிகிச்சை நிலையம், காலால் மிதித்து இயக்கும் துளைகருவி, ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தல் என்பனவே அச்சேவையின் வடிவம்.

பெண்களைத் தெரிந்தமைக்குக் கூறப்பட்ட நியாயம், பிள்ளைகளிடத்து அவர்களுக்கு இயல்பாகவே பொறுமையுண்டு என்பது. கூறப்படாத நியாயம் சம்பளம். இயல்பெனப் புகழப்படும் திறமைக்குக் கூலி குறைவு என்பது ஆசிரியத் தொழிலிலும் தாதித் தொழிலிலும் நாம் கண்ட விதியே. 1974இல் இப்பற்தாதியர் ஊதிய உயர்வு கோரிப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றதை இப்பின்னணியில் வைத்து நோக்கல் வேண்டும்.

சேவையின் குறைகளையும் மறைத்தலாகாது. பிள்ளைகள் அந்நிலையத்தைக் 'கொலைவீடு' என அழைத்தனர். துளைகருவியின் ஓசையை முதுமைவரை மறவாதோர் பலர். நிரப்புதலே பணியின் அளவுகோலானதால், பல தசாப்தங்களாகச் சூத்தையைத் தடுப்பதைவிட அடைப்பதே மேலோங்கியது. வளர்ந்தோருக்கான சிகிச்சை தனியார் கையில் இருந்தமையால், பிள்ளைப் பருவத்திற் காக்கப்பட்ட பற்களைப் பின்னர் இழந்தோரும் பலராவர். இருப்பினும், தாய் தந்தையரின் வருமானத்தைக் கேளாது ஒரு பிள்ளையின் பாற்பல்லைக் கவனிக்கலாம் என்பதை அச்சேவை செயலில் நிறுவிக் காட்டியது. ஐக்கிய அமெரிக்காவில் மாசாசூசெற்ஸ் மாநிலம் இதனையொத்த பரிசோதனையொன்றுக்கு 1949இல் இடமளித்துச் சட்டம் இயற்றியபோது, பல் வைத்தியர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தமையால் மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் நலன் கருதியே எதிர்த்தோம் என்றனர் அச்சங்கத்தார். அதே பிள்ளைகளிற் பலருக்குத் தம் சிகிச்சை எட்டாதிருந்தமை குறித்து அவர்கள் அத்துணை கிளர்ந்தெழவில்லை.

இவ்வரலாறு எம் நாட்டையும் தொட்டது. கொழும்புத் திட்டத்தின் கீழ், 1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமவிற் பாடசாலைப் பற்தாதியருக்கான பயிற்சி தொடங்கியது. மலாயாவின் பினாங்கிலும் இம்மாதிரியே பின்பற்றப்பட்டது. இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் எனப்படுவோர் அப்பயிற்சி மரபின் வழிவந்தோரே. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் நிலவிய நாட்டில் இச்சேவை வேரூன்றியது வியப்பன்று.

ஆயின் இம்மாதிரியின் உள்ளே ஒரு பிளவு இருந்தது. அதன் வாசல் பாடசாலை வாசல். ஐந்து வயதிற் பிள்ளை அவ்வாசலைக் கடக்கும்போது பாற்பற்கள் முளைத்து நிறைந்து இரண்டரை ஆண்டுகள் கழிந்திருக்கும். சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் பிள்ளையின் மேல் முன்பற்கள் அதற்குள் கரைந்து போயிருக்கும். நியூசிலாந்து பின்னர் பாடசாலைக்கு முற்பட்ட பருவத்துப் பிள்ளைகளையும் சேவையிற் சேர்த்தது. இருந்தும் அங்கே மாவோரி, பசுபிக் தீவுக் குடும்பங்களின் ஐந்து வயதுப் பிள்ளைகளிடத்தே சூத்தை இன்றும் கூடுதலாகக் காணப்படுகின்றது. எம்மிடத்து, அந்த வயதுப் பிள்ளையின் வீட்டு வாசலுக்குச் செல்பவர் பல் வைத்தியரல்லர், குடும்பநல மருத்துவிச்சியே.

பாடசாலையை வாசலாகக் கொண்டமையால் எழும் மற்றொரு விளைவும் உண்டு. மகரகமவிற் பயிற்சி தொடங்கிய காலத்தில் மலையகப் பிள்ளைகள் கற்றவை தோட்ட நிர்வாகத்தின் கீழிருந்த பாடசாலைகள். அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாகும். அரச பாடசாலையை அடித்தளமாகக் கொண்ட சேவை தன் முதலிரு தசாப்தங்களில் வளர்ந்தபோது, வெறுந்தேநீரும் சீனியும் காலையுணவின் பெரும்பகுதியாயிருந்த லயன் அறைகளின் பிள்ளைகள் வேறொரு நிர்வாகத்தின் பிள்ளைகளாகவே இருந்தனர்.