குணசாலி என்றொரு சான்றிதழ்

கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் போனவர்களுக்கு ‘குணசாலியான ஸ்திரீ’ பழகிய சொல். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்து மணப்பெண்ணைப் பார்த்துப் பிரசங்கிப்பார்கள். மணமகனைப் பார்த்து யாரும் குணசாலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எபிரேய வேதாகமத்தில் இந்தப் பட்டம் பெயருள்ள ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் கிடைக்கிறது. அவள் ரூத்: மோவாப் நாட்டுக்காரி, விதவை, அறுவடையில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி மாமியாருக்கும் தனக்கும் கஞ்சிக்கு வழி தேடியவள். பிறப்பைவிடக் குணமே பெரிது என்பதற்கு அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அந்தக் குணத்தை யார் அளந்தார்கள், யாரிடம் மட்டும் கேட்டார்கள் என்பதே என் கேள்வி.

மோவாபியர் பத்தாம் தலைமுறை ஆனாலும் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்கிறது உபாகமம் 23. எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொள்ளவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆதியாகமமோ அந்த இனத்தின் மூலத்தையே லோத்துக்கும் அவன் மகளுக்கும் பிறந்த பிள்ளையிலிருந்து தொடங்குகிறது. ஓர் இனத்தை இழிவுபடுத்த அதன் ஆதித்தாயின் ஒழுக்கத்தைக் கையில் எடுப்பது நமக்கும் தெரிந்த உத்திதான்.

பெத்லகேம் வயலில் ரூத்தைப் பார்த்த நிலக்காரன் போவாஸ், அவள் யாருடைய பெண் என்றுதான் கேட்கிறான். மேற்பார்வையாளன் சொல்லும் பதிலில் அவள் ஊர் இருக்கிறது, பெயர் இல்லை. அவளைத் தொடக்கூடாது என்று வேலையாட்களுக்குப் போவாஸ் கட்டளையிடுகிறான். கட்டளையிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்த வயல் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். பிறகு ஓர் இரவு, களத்தில் படுத்திருந்தவனிடம் ரூத்தே போய்த் தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள். அப்போதுதான் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறது.

எபிரேயத்தில் அது ‘ஏஷெத் ஹயில்’. ஏஷெத் என்றால் பெண். ஹயில் என்றால் வலிமை, படை, செல்வம், திறமை. கிதியோனை தேவதூதன் அழைப்பதும் இதே சொல்லால்தான். தமிழில் அவன் ‘பராக்கிரமசாலி’. போவாஸை முதலில் அறிமுகப்படுத்தும்போதும் இதே சொல். அங்கே தமிழில் ‘ஆஸ்திக்காரன்’. போர்வீரனிடம் பராக்கிரமமாகவும் நிலக்காரனிடம் ஆஸ்தியாகவும் இருந்த ஹயில், பெண்ணிடம் வந்தபோது குணமாகிவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் இதே கதைதான். மூலத்தில் போவாஸுக்கும் ரூத்துக்கும் ஒரே அளவுகோல். கதைசொல்லி அவர்களைச் சமமாக நிறுத்தியதை நாம் தமிழில் இழந்துவிட்டோம். 1008ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் கையெழுத்துப் பிரதியில் நீதிமொழிகளை அடுத்தே ரூத் வருகிறது. வலிமையுள்ள பெண்ணைப் பற்றிய பாட்டு முடிந்ததும் அப்படி ஒருத்தி நேரில் வந்து நிற்பதுபோல.

இந்தக் கதை எப்போது எழுதப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. பாபிலோன் சிறையிருப்புக்குப் பின், எஸ்றா, நெகேமியா காலத்தில் எழுந்த எதிர்க்குரல் என்று வாதிடுபவர்கள் பக்கம்தான் நான். எஸ்றாவின் காலத்தில் யூதர்கள் மணந்திருந்த அந்நிய மனைவியரை விலக்க வேண்டும் என்று எருசலேமில் கூட்டம் கூட்டினார்கள். மழையில் நடுங்கிக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்ததாக எஸ்றா 10 சொல்கிறது. விசாரணை மூன்று மாதம் நடந்தது. விலக்கிய ஆண்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. விலக்கப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை. சிலருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதோடு அதிகாரம் முடிகிறது. அந்தப் பெண்களின் குணத்தை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் தாவீது ராஜாவின் முப்பாட்டி எப்படி உள்ளே வந்தாள்? பிற்கால ரபிகளுக்கு இது பெரிய சிக்கல். மிஷ்னா தரும் தீர்ப்பு: தடை மோவாபிய ஆண்களுக்குத்தான், பெண்களுக்கு இல்லை. தல்மூத் அதற்கு விளக்கமும் தருகிறது. அப்பமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வழியில் போய் நிற்பது ஆண்களின் வழக்கம். பெண்கள் வெளியே வருவதில்லை, ஆகவே அவர்கள்மேல் குற்றமில்லை. ரூத்தின் குணம் இந்த வாதத்தில் வரவே இல்லை. நாடு கடந்து, வயலுக்குப் போய், இரவில் களத்துக்கும் போனவளுக்கு, பெண்கள் வெளியே வரமாட்டார்கள் என்ற காரணத்தால் கதவு திறந்திருக்கிறது!

தமிழில் இந்தக் கதைக்கு முந்நூறு வயது. 1719இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறந்தபோது பழைய ஏற்பாட்டை ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். அதை வாசித்த சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள்.

ரூத் புத்தகத்தில் போவாஸ் தன் குணத்தை யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ரூத்தோ குணசாலி என்று சொல்லப்பட்ட பிறகும், ஊர்வாசலில் கொள்வினை பேசும்போது மோவாபிய ஸ்திரீதான். பிள்ளை பிறந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள், ஏழு மகன்களைவிட இவள் மேல் என்று நகோமியிடம் சொல்கிறார்கள். அதே மூச்சில், நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்று பெயரும் வைக்கிறார்கள். கடைசியில் பேரேஸ் முதல் தாவீது வரை ஒரு வம்ச அட்டவணை வருகிறது. பத்துப் பெயர்கள். பத்தும் ஆண்கள்.