காய்ச்சலுக்குப் பின்



துன்பம் மிகுந்த ஓர் ஆண்டு கழிந்ததும், "அப்பாடா, தொலைந்தது!" என்று பெருமூச்சு விடுவது மனித இயல்பு. ஆண்டு தொலைந்தாலும் அதன் அயர்ச்சி எளிதில் தொலைவதில்லை. அந்த அயர்ச்சியிலிருந்து எழுவது எவ்வாறு என்பதற்கு எமது சப்பிரகமுவையின் சரித்திரத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் கேகாலைப் பகுதியை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயே அது.

அந்நோய் வருமுன்பே மக்கள் மெலிந்திருந்தனர். உலகப் பொருளாதார மந்தத்தினால் 1932ஆம் ஆண்டளவில் இறப்பர் விலை அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. தோட்டங்கள் பலவற்றில் பால்வெட்டு நின்றது. வேலையிழந்த தொழிலாளர் பலர் மூட்டை முடிச்சுடன் இந்தியாவுக்குத் திரும்பினர். எஞ்சியோர் அரைவயிற்றுக் கஞ்சியுடன் லயங்களில் காலங் கழித்தனர். கிராமத்துச் சிங்கள மக்களின் நிலையும் வேறன்று.

இந்நிலையில் 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மழை குறைந்தால் நுளம்பும் குறையும் என்றே நாம் எண்ணுவோம். நடந்ததோ நேர்மாறு. ஈரவலயத்து ஆறுகள் வழக்கமாகப் பெருகியோடி நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டு மகா ஓயாவும் களனி கங்கையும் வற்றி, மணலிடையே குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளே அநோபிலிஸ் நுளம்பின் தொட்டில்களாயின. மலேரியாவை அதிகம் அறியாத அப்பகுதி மக்களின் உடலில் அதனை எதிர்க்கும் வலிமையும் இருக்கவில்லை. இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகின்றது. நிவாரணப் பணிக்கெனச் சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக்கு வந்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முக்கியமானோர். கொயினா மருந்து காய்ச்சலைத் தணித்தது; ஆயினும் நோயாளி எழுந்து நடமாடவில்லை. காய்ச்சலின் அடியில் பசி கிடந்ததை அவர்கள் கண்டுகொண்டனர். மருந்தோடு பருப்பையும் மார்மைட்டையும் வழங்கினர். இதனால் பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயரே வழங்கலாயிற்று. 1936இல் ருவான்வெலை மக்கள் அவரை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தனர்.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. தெளிப்பு ஆரம்பமாயிற்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வெற்றி கிட்டியதென்று எண்ணித் தெளிப்பைக் கைவிட்டோம். 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது! பின்னர் பல்லாண்டு காலம் இடைவிடாது உழைத்த பின்னரே, 2012இல் உள்நாட்டுத் தொற்று நின்றது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்தியது.

இச்சரித்திரத்தைப் பல்லாண்டுகள் வகுப்பிலே கற்பித்தவன் நான். ஆயினும் அதனை நான் உணர்ந்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னரே. அவ்வாண்டின் முடிவில் எம் பாடசாலையிற் பல மாணவர் வரவு குன்றினர். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தியை அழைத்து, இலட்சியம் வேண்டும், விடாமுயற்சி வேண்டும் என்று நெடுநேரம் உபதேசித்தேன். அவள் தலை கவிழ்ந்து நின்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இறுதியிற் கேட்டேன். அவள் விடை கூறவில்லை. நான் கொயினாவை மட்டுமே கொடுத்திருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. அன்று முதல் ஆசிரியர் சிலர் சேர்ந்து காலை உணவுக்கு வழி செய்தோம். அதன் பின்னரே இலட்சியம் பற்றிப் பேசினோம். அதுவும் பெரிதன்று: நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுதிக் காட்டவேண்டும், அவ்வளவே. சாதாரண தரப் பரீட்சை நடந்தபோது அவளை மண்டபத்திற் கண்டேன்.

நேயர்களே, துயர ஆண்டொன்றைக் கடந்து வந்தவர் முதலில் தம் உடலையும் உள்ளத்தையும் தேற்றிக்கொள்ளட்டும். அது சோம்பல் அன்று. அடுத்து, துன்பத்தை வளர்த்த குட்டை எதுவென்று ஆராயட்டும்; அது கடனாகவோ, குடியாகவோ, உறக்கமின்மையாகவோ இருக்கலாம். பின்னர் நாள்தோறும் செய்யக்கூடிய சிறு குறிக்கோள் ஒன்றை வகுத்துக்கொள்ளட்டும். நலம் திரும்பிய பின்னரும் அதனைக் கைவிடாதிருக்கட்டும். 1963ஆம் ஆண்டின் 17 என்ற எண்ணை நாம் மறத்தல் ஆகாது.